மிஷின் கோளாறு

இந்த நோட்டைக் கொஞ்சம் உங்கள் மடியில் வைத்திருக்க முடியுமா சார்? கனமில்லை, எண்பது பக்க நோட்டுத்தான். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நான் இறங்கும்போது கொடுத்தால் போதும். நடுவில் நானே கேட்டாலும் கொடுக்காதீர்கள். நல்லபடியாகத்தான் கேட்பேன். ஒரு நம்பர் குறிக்க வேண்டும் என்பேன், ஒரு தேதி பார்க்க வேண்டும் என்பேன். கொடுக்காதீர்கள்.

பயப்பட வேண்டாம், வில்லங்கமான நோட்டு இல்லை. முதல் பக்கத்திலேயே என் பெயர் இருக்கும். பால்வண்ணன், தராசு மெக்கானிக், கோவில்பட்டி. உள்ளே முழுக்க பிரஷர் நம்பர்கள்தான். என்னுடைய பிரஷர். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. இரண்டு வருஷமாக ஒரு நாள் விட்டதில்லை. இது மூன்றாவது நோட்டு.

ஆமாம், ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேன். எனக்கு இல்லை. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஏறும்போது கண்டக்டர்கூட, "என்ன அண்ணாச்சி, செக்கப்பா?" என்றார். உள்ளே இருப்பது என் வீட்டுக்காரி. செண்பகம். செவ்வாய்க்கிழமை காலையில் ஹார்ட் அட்டாக். இன்றைக்கு வெள்ளி. அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். ஆனால் இருதயம் சோர்ந்துபோயிருக்கிறது, இரண்டு நாள் போகட்டும், இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

பதினொன்றரை மணிக்கு அந்த அம்மா ரவுண்ட்ஸ் வருவார். "வீட்ல பழைய ரீடிங், ரிப்போர்ட் ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க" என்று நேற்றுச் சொன்னார். அதற்குத்தான் ஊருக்குப் போய்த் திரும்புகிறேன். இந்தப் பையில் அவளுடைய நைட்டி இரண்டு, ஒரு டம்ளர், சீப்பு. ரிப்போர்ட் என்று சொல்லிக்கொள்ள எங்கள் வீட்டில் இருப்பது உங்கள் மடியில் இருக்கிற அந்த நோட்டு ஒன்றுதான். அதைக் கொடுத்தால் டாக்டரம்மா படிப்பார். பக்கத்தில் என் மகள் நிற்பாள். அவளும் படிப்பாள்.

படிக்கட்டுமே என்கிறீர்களா? சரி. சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் நின்றுகொள்கிறேன். இருபது நிமிஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது சார், ரத்த ஓட்டத்துக்கு நல்லதில்லை. இடம் போனால் போகட்டும். நீங்களும் ஒரு தடவை காலை நீட்டி மடக்குங்கள்.

எங்கள் வீட்டு ஆண்களுக்கு நெஞ்சுதான் எமன். அப்பா ஐம்பத்துநாலு வயதில் கடை ஷட்டரை இழுக்கும்போது போனார். அண்ணன் நெல்லையப்பன் ஐம்பத்தொன்று. பல் தேய்த்துக்கொண்டிருந்தவன், பிரஷ்ஷோடு விழுந்தான். எனக்கு இப்போது ஐம்பத்துமூன்று. அண்ணனைத் தாண்டிவிட்டேன், அப்பாவுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. சிரிக்காதீர்கள், நான் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவள் குடும்பத்தில் இந்தக் கவலை கிடையாது. என் மாமனார் ஐம்பத்தாறு வயதில் எட்டயபுரம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே போய்விட்டார். ஒரு நோய் நொடி இல்லை. கொடுத்துவைத்த சாவு என்று ஊரே சொன்னது. அந்தக் கொடுப்பினை எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

அண்ணனுடைய பதினாறாம் நாள் முடிந்து வீட்டுக்கு வந்தேன். சட்டைப் பையில் இருந்த சிகரெட் பாக்கெட்டை அப்படியே அடுப்பில் போட்டேன். அன்றோடு சரி. இருபத்தாறு வருஷப் பழக்கம் சார். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். பரோட்டா போச்சு, அப்பளம் போச்சு, ஊறுகாய் போச்சு. பதினோரு கிலோ குறைத்தேன். காலேஜ் கிரவுண்டில் தினமும் எட்டு ரவுண்டு நடை. எங்கள் நடைக் கூட்டத்தில் கெங்குசாமி என்று ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவர் என்னைக் காட்டித்தான் மற்றவர்களுக்குச் சொல்வார்: "பால்வண்ணத்தப் பாத்துப் படிங்கடே! ஒரு வடையத் திரும்பிப் பாக்கானா மனுசன்?" அவர் நடை முடிந்ததும் இரண்டு வடை சாப்பிடுவார், அது வேறு விஷயம்.

நான் செய்ததில் எது தப்பு? இதைத்தான் மூன்று நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிகரெட்டை விட்டது தப்பா? நடந்தது தப்பா? டாக்டர்கள் சொல்வதைத்தானே செய்தேன்?

நான் காலை நாலரைக்கு எழுந்திருப்பேன். அவள் நாலு மணிக்கு. ராத்திரி ஊறப்போட்ட பாதாமைத் தோலுரித்துக் கிண்ணத்தில் வைக்க வேண்டும், கேப்பைக் கஞ்சி காய்ச்ச வேண்டும். நடந்துவிட்டு வந்தால் மூன்று முட்டை. வெள்ளைக்கரு மட்டும். மஞ்சளை எடுத்துத் தனியே வைத்துவிடுவேன். அதை அவள் சாப்பிட்டுவிடுவாள். வீணாக்க மனசு வராது அவளுக்கு. தினமும் மூன்று மஞ்சள்கரு. நேற்று டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன், அதுதான் காரணமா என்று. "மஞ்சக்கருவ விடுங்க சார், அது பெரிய விஷயமில்ல. உப்பு எப்படி? தூக்கம் எப்படி? பிரஷர் எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார்.

உப்பு எப்படி என்றால், என் சமையலில் உப்பே கிடையாது. எனக்குத் தனிக் குழம்பு, தனிக் கூட்டு. அது ஆனபிறகு தனக்கென்று இன்னொரு தடவை அடுப்பில் நிற்க அவளுக்கு அலுப்பு. பழைய சோறும் ஊறுகாயுமாக முடித்துக்கொள்வாள். உப்பில்லாததை வாயில் வைக்க முடியாது அவளால். வாரத்தில் நாலு நாள் கருவாடு. நான் வேலைக்குப் போனபிறகு சுடுவாள். வீட்டுக்கு வந்ததும் வாசம் வரும். "ஏ செண்பகம், என்னைக் கொல்லவா பாக்க?" என்று சத்தம் போடுவேன். ஜன்னலைத் திறந்துவிடுவாள். கருவாட்டு வாசத்தால் எனக்கு என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. ஆனாலும் சத்தம் போடுவேன்.

ஒரு நாள் அவளும் நடக்க வந்தாள். மாசி மாதம். "நானும் வாரேன், வீட்லயே கிடந்து உடம்பு கனக்கு" என்றாள். சந்தோஷமாகக் கூட்டிப்போனேன். இரண்டாவது ரவுண்டில் அந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தாடையை அமுக்கிக்கொண்டு, "பல்லு வலிக்குங்க" என்கிறாள்.

"நடந்தா காலு வலிக்கும். உனக்கு என்னட்டி பல்லு வலிக்கி?"

கெங்குசாமி வாத்தியார் சிரித்தார். நானும் சிரித்தேன். செண்பகமும்தான் சிரித்தாள். எனக்கு இன்னும் ஆறு ரவுண்டு பாக்கி இருந்தது. நடுவில் நிறுத்தினால் பலன் கிடையாது என்பார்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் அந்த பெஞ்சைத் தாண்டும்போது கையை ஆட்டிவிட்டுப் போனேன். அவளும் கையை ஆட்டினாள். மறுநாள் வரவில்லை.

அந்தப் பல்வலி போகவில்லை. மாடிக்குத் துணி காயப்போட ஏறினால் வலிக்கும். குடத்தைத் தூக்கினால் வலிக்கும். உட்கார்ந்தால் போய்விடும். அப்படியும் ஒரு பல்வலி உண்டா சார்? நான் யோசிக்கவில்லை. கிராம்பு வாங்கிக் கொடுத்தேன். பங்குனியில் பல் டாக்டரிடம் போனோம். அவர் நல்ல மனுஷன். கடைவாய்ப் பல்லில் கொஞ்சம் சொத்தை இருக்கிறது, ஆனால் இவ்வளவு வலிக்கிற மாதிரித் தெரியவில்லையே என்று யோசித்தார். "எடுத்துருங்க சார், வலிச்சுக்கிட்டே கிடக்கு" என்று செண்பகம்தான் சொன்னாள். எடுக்கும் முன்னால் அவர் கேட்டார்: "பிரஷர், சுகர் உண்டாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "அதெல்லாம் கிடையாது சார். எங்க வீட்லயே மிஷின் இருக்கு. தினமும் பாக்கோம்."

பாக்கோம் என்றேன். பாக்கேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்கு அது பொய்யாகப் படவில்லை. பல்லை எடுத்தார்கள். வலி அப்படியே இருந்தது.

கயத்தாறு வந்துவிட்டதா? இன்னும் முக்கால் மணி நேரம். அந்த நோட்டைக் கொஞ்சம் கொடுங்கள் சார். பல் எடுத்த தேதியைப் பார்த்துவிட்டுத் தருகிறேன்.

... இல்லை. கொடுக்காதீர்கள். நீங்கள் செய்ததுதான் சரி. சரியான ஆளிடம்தான் கொடுத்திருக்கிறேன்.

உட்கார்ந்துகொள்கிறேன். தள்ளி உட்காருங்கள், நாடி பிடித்துப் பார்க்கிறேன். எழுபத்தெட்டு... எண்பது. பரவாயில்லை, நாடி அவ்வளவு ஒன்றும் வேகமில்லை.

என் தொழிலைச் சொன்னேன் அல்லவா? பலசரக்குக் கடை, கடலைமிட்டாய்க் கம்பெனி, தீப்பெட்டி ஆபீஸ், எங்கெல்லாம் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறதோ அங்கெல்லாம் நான் போவேன். பழுது பார்ப்பேன், சரிபார்ப்பேன், வருஷம் ஒரு தடவை அரசாங்க முத்திரை வாங்கிக் கொடுப்பேன். லைசென்ஸ் இருக்கிறது. முப்பது வருஷம். ஒரு தராசு சரியா தப்பா என்று பார்ப்பது பெரிய வித்தை இல்லை சார். எடை தெரிந்த கல் ஒன்று வேண்டும். அதை மூன்று தடவை வைத்து எடுக்க வேண்டும். மூன்று தடவையும் அதே எடை காட்டினால் தராசு யோக்கியம். அவ்வளவுதான்.

கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மூட்டை எடை குறைவாக வந்தால் உடனே போன் போடுவார்கள்: "அண்ணாச்சி, மிஷின் கோளாறு, உடனே வாங்க." போய்ப் பார்த்தால் மிஷின் கல்லு மாதிரி இருக்கும். மூட்டைதான் குறைவு. "மிஷினுக்கு உங்க மேல என்ன அண்ணாச்சி கோவம்? அது உள்ளதத்தான சொல்லும்?" என்பேன். இந்தப் பேச்சுக்காகவே என்னை ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

தை மாதம். பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் எனக்குப் பார்த்து முடித்தேன். நூற்று இருபத்துநாலுக்கு எண்பத்திரண்டு. எழுதினேன். கையில் கட்டிய மிஷின் பட்டையைக் கழற்றப் போகும்போது செண்பகம் கையை நீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு மட்டம் பாருங்களேன். ரெண்டு நாளா பின்மண்டை வலி." விளையாட்டாகத்தான் கேட்டாள். கட்டிவிட்டேன்.

நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்று நாலு.

"பேசாம இருக்கணும்ட்டி. கால் மேல கால் போடாத" என்று சொல்லி, ஐந்து நிமிஷம் கழித்து இரண்டாவது தடவை பார்த்தேன். நூற்று எண்பது. மூன்றாவது தடவை, நூற்று எழுபத்தாறு. அதே பட்டையை என் கையில் கட்டினேன். நூற்று இருபத்துநாலு.

நீங்களே சொல்லுங்கள் சார், தராசு சரியா தப்பா?

மூன்று தடவை வைத்திருக்கிறேன், மூன்று தடவையும் ஏறத்தாழ அதே எடை. என் கல்லுக்கு என் எடை, அவள் கல்லுக்கு அவள் எடை. முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னவன், வீட்டில் என்ன சொன்னேன் தெரியுமா?

"மிஷின் கோளாறு."

அவள் கேட்டாள்: "உங்களுக்குச் சரியாக் காட்டுதே?"

"அதான் கோளாறு. ஒருத்தருக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு ஒண்ணுன்னு காட்டுது பாரு. உன் கையும் குண்டு, பட்டை சரியாச் சுத்தல. பேட்டரிய வீணாக்காத."

எழுதிய நம்பரைக் குறுக்கே அடித்தேன். பக்கத்தில் மிஷின் கோளாறு என்று எழுதினேன். பிரித்துப் பாருங்கள், தை மாதப் பக்கத்தில் இருக்கும். அடித்திருக்கிறேன், ஆனால் நம்பர் தெரியும். அன்றைக்கே கடையில் மிஷினை மாற்றினேன். கடைக்காரப் பையன் தன் கையில் கட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது நல்லாத்தான இருக்கு" என்றான். நான் தராசு மெக்கானிக், எனக்கே பாடமா என்று சண்டை போட்டு மாற்றினேன். புது மிஷின் வந்தது. என் கையில் கட்டினேன். நூற்று இருபத்தாறு. திருப்தியாக இருந்தது.

அவள் கையில் கட்டவில்லை.

ஏன் கட்டவில்லை? மறந்துவிட்டேன் என்று என் மகளிடம் சொல்லலாம். நம்புவாள். ஆனால் நான் மறக்கவில்லை சார். புது மிஷினைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது அவள் அடுப்படி வாசலில்தான் நின்றாள். கூப்பிடுவேன் என்று நின்றாளோ என்னவோ. நான் பார்த்தேன். கூப்பிடவில்லை. அதே நம்பரைக் காட்டிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு வந்தது. காட்டிவிட்டால் அவளை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். அவள் நாலு மணிக்கு எழுந்திருக்கக் கூடாது. என் கஞ்சியை யார் காய்ச்சுவது? இவ்வளவு தெளிவாக அப்போது யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடியில் அதுதான் ஓடியது. எங்கள் வீட்டில் நோயாளிக்கு ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் நான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். இத்தனைக்கும் எனக்கு நோயே இல்லை.

என் மகள் பூரணி இதைத்தான் வேறு விதமாகச் சொன்னாள். திருநெல்வேலியில் வேலை பார்க்கிறாள் அவள். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். நான் அட்மிஷன் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் யாருக்காவது இருதய நோய் உண்டா என்று ஒரு கேள்வி. பேனா தானாக ஓடியது: அப்பா, ஐம்பத்துநாலு. அண்ணன், ஐம்பத்தொன்று. நர்ஸ் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சார், இது பேஷண்டோட அப்பாவா, உங்க அப்பாவா?"

பூரணி அந்தப் பாரத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். "நம்ம வீட்ல மொத்தமே ஒரு நெஞ்சுதாம்பா. மத்த ரெண்டு பேருக்கும் சும்மா எலும்புக்கூடு" என்றாள். பிறகு அவளே உட்கார்ந்து எழுதினாள். என் மாமனாரைப் பற்றி ஏதோ எழுதினாள். என்ன எழுதினாளோ, நான் பார்க்கவில்லை. அவருக்குத்தான் ஒன்றும் கிடையாதே.

இது கங்கைகொண்டான் இல்லையா? நின்றுகொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை. அதையும் சொல்லிவிடுகிறேன், மீதி வைப்பானேன். நடந்துவிட்டு வந்து, குளித்து, நாற்காலியில் உட்கார்ந்து, பட்டையைக் கட்டி பட்டனை அமுக்கினேன். செண்பகம் மாடியிலிருந்து வெறும் பக்கெட்டோடு இறங்கி வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "என்னங்க, ஒரு மாதிரியா வருதுங்க" என்றாள். பிரஷர் பார்க்கும்போது பேசினால் நம்பர் ஏறிவிடும். நீங்களும் கவனித்திருப்பீர்கள். நான் பேசவில்லை. கையை மட்டும் தூக்கி, இரு என்று காட்டினேன்.

இருந்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து, பட்டையிலிருந்து காற்று இறங்கி முடியும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். நம்பர் வந்தது. எழுதினேன். அதற்கு அப்புறம்தான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். வேர்வை. சேலை முந்தி நனைந்து ஒட்டியிருந்தது. வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணீர் எடுக்கப் போனேன். எதிர்வீட்டு டீச்சர் ஏதோ கேட்க உள்ளே வந்தவர், பார்த்ததும் கத்தினார்: "அண்ணாச்சி, என்ன ஓமத்தண்ணியப் போட்டு ஆத்திக்கிட்டு இருக்கீங்க? ஆட்டோவக் கூப்பிடுங்க!"

அன்றைய நம்பரும் நோட்டில் இருக்கிறது சார். செவ்வாய், காலை, நூற்று இருபத்திரண்டுக்கு எண்பது. இந்த வருஷத்திலேயே நல்ல நம்பர்களில் ஒன்று.

நேற்று டாக்டரம்மா ஸ்கேனைக் காட்டினார். இருதயத்தின் சுவர் தடித்திருக்கிறதாம். "இது ஒரு நாள்ல, ரெண்டு நாள்ல வாரது இல்ல சார். கவனிக்காத பிரஷர் ரொம்ப நாளா இருந்திருக்கணும். எவ்வளவு இருந்துச்சு, எப்ப இருந்துச்சுன்னு தெரிஞ்சா எங்களுக்கு உதவியா இருக்கும். முன்னாடி எப்பவாவது பாத்தீங்களா?"

பூரணி என்னைப் பார்த்தாள். நான், "இல்ல மேடம்" என்றேன். ஒரே சொல். வெளியே வந்துவிட்டது.

"வீட்ல நல்லாத் தேடிப் பாருங்கப்பா" என்று பூரணிதான் அனுப்பினாள். அந்த அடித்த வரியைத்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அதைக் காட்டலாமா, வேண்டாமா. காட்டினால் மகள் முகத்தில் எப்படி முழிப்பது? பிழைத்து வந்தபிறகு செண்பகத்திடமே சொல்லிக்கொள்ளலாம், அவள் மன்னித்துவிடுவாள், அவள் அப்படித்தான். வந்ததும் எல்லாம் ஒழுங்காகச் செய்ய வேண்டும் சார். அவளுக்கும் உப்பைக் குறைத்துவிட வேண்டும். அதில் கஷ்டமில்லை, உப்பில்லாச் சமையல் அவளுக்குக் கைவந்தது, எனக்குச் செய்கிறதோடு சேர்த்துத் தனக்கும் வைத்துக்கொள்வாள். மெதுவாக நடக்கவும் வைக்க வேண்டும். டாக்டரம்மா சொல்கிற மாத்திரைகளை நேரத்துக்குக் கொடுக்க வேண்டும்.

என்ன பார்க்கிறீர்கள்? ஏதாவது தப்பாகச் சொன்னேனா?

தாழையூத்து தாண்டிவிட்டோம். இனி பதினைந்து நிமிஷம்தான். அந்த நோட்டைத் திருப்புங்கள் சார். கையில் கொடுக்க வேண்டாம், நீங்களே திருப்புங்கள். முன்பக்கம் வேண்டாம். கடைசிப் பக்கம். தலைகீழாகத் திருப்பி, பின் அட்டையிலிருந்து. ஆமாம், அந்தப் பக்கம்தான்.

பென்சில் எழுத்து. அவளுடையது. எட்டாம் வகுப்பு வரை படித்தவள், நம்பர் அழகாகப் போடுவாள். இது எனக்கு இன்று காலைதான் தெரியும். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நோட்டைப் பையில் வைக்கப்போய், கை தவறி விழுந்து இந்தப் பக்கம் விரிந்தது. மாசி மூன்றாம் தேதியிலிருந்து இருக்கிறது பாருங்கள். நான் நடக்கப் போன நேரத்தில் பார்த்திருக்கிறாள். கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டு, தானே ஒற்றைக் கையால் பட்டையைக் கட்டி. நூற்று எழுபத்துநாலு. நூற்று எண்பது. நூற்று எழுபத்தாறு, மாடி ஏறி இறங்கினேன், பல்வலி. நூற்று எண்பத்திரண்டு, பல் எடுத்த மறுநாள், வலி நிக்கல. மொத்தம் பத்தொன்பது வரி. எண்ணிவிட்டேன். மூன்று மாதத்து ரீடிங். டாக்டரம்மா கேட்டது அப்படியே இருக்கிறது.

நடுவில் ஒரு மடிப்பு தெரிகிறதா? அது நான் மடித்தது. கிழித்துவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டில் வைத்து மடித்தேன், நகத்தால் நீவினேன். ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடும். வீட்டில் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னால் முடிந்தது. அப்போதுதான் பஸ் வந்தது, ஏறினால் உங்கள் பக்கத்தில் இடம் இருந்தது.

கடைசி வரியைப் படித்தீர்களா? திங்கட்கிழமை எழுதியது. நான் மனப்பாடமாகச் சொல்கிறேன், நீங்கள் சரிபாருங்கள்.

நூற்று எண்பத்தாறுக்கு நூற்று ஆறு. இந்த மிஷினும் கோளாறு. அவருட்ட சொல்ல வேண்டாம், திரும்பவும் கடைக்கு அலைவாரு.

சரியாக இருக்கிறதா?

என் முத்திரை இருந்தால் எந்தத் தராசையும் ஊரில் நம்புவார்கள் சார். பத்தொன்பது தடவை தன் கண்ணால் பார்த்தும், அவளும் என்னைத்தான் நம்பியிருக்கிறாள்.

வண்ணார்பேட்டை. கண்டக்டர் விசில் அடிக்கிறார். அந்தப் பையை எடுத்துக்கொடுங்கள். கொஞ்சம் வழி விடுங்கம்மா, இறங்கணும். மணி பதினொன்று பத்து, நடந்தே போய்விடலாம்... வேண்டாம், ஆட்டோ பிடிக்கிறேன்.

இப்போது கொடுங்கள் சார். மூடாதீர்கள். அந்தப் பின்பக்கம் மேலே தெரிகிற மாதிரியே கொடுங்கள்.